வைட்டமின் ஸ்டிக்கர் வேறு, நுண்ணூசி பேட்ச் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வைட்டமினை இனி விழுங்க வேண்டாம், தோலில் ஒட்டிக்கொண்டால் போதும் என்கிற மாதிரி போன ஞாயிறு உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் சொன்ன விஷயம் தோலுக்குள் போய்க் கரையும் நுண்ணூசி பேட்ச். பக்கத்தில் போட்டிருந்த படமோ, ஒரு பெண்ணின் தோளில் ஒட்டியிருக்கும் வழவழ ஸ்டிக்கர். எழுத்து ஒரு பொருளைப் பற்றி, படம் வேறொரு பொருளைப் பற்றி. கட்டுரையைப் படித்துவிட்டு எத்தனை பேர் அந்த ஸ்டிக்கரை வாங்கக் கிளம்பியிருப்பார்கள் என்று நினைத்தால் பகீர் என்கிறது. ஏனென்றால் நான் வாங்கி ஒட்டி, பட்டுத் தெளிந்தவன்.

எனக்குப் பி12 வைட்டமின் குறைபாடு. சரியாகச் சாப்பிடாததால் வந்ததல்ல. உணவில் இருக்கும் பி12ஐக் கையைப் பிடித்துச் சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கூட்டிக்கொண்டுபோய் உள்ளே சேர்க்க இரைப்பையில் ஒரு புரதம் சுரக்க வேண்டும், எனக்கு அது சுரப்பதில்லை. பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அப்போதிலிருந்து மாதம் ஒரு ஊசி, 1000 மைக்ரோகிராம். அந்தக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நல்ல சிவப்பாக இருக்கும். மூலக்கூறின் நடுவில் உட்கார்ந்திருக்கும் கோபால்ட் அணுவும் அதைச் சுற்றியிருக்கும் வளையமும் சேர்ந்து கொடுக்கும் நிறம் அது. ஊசி போட்ட இடம் ஒரு நாள் வலிக்கும், அவ்வளவுதான், பெரிய கொடுமை ஒன்றும் இல்லை. ஆனாலும் மாதாமாதம் போய் வரிசையில் உட்காருவதில் ஒரு சலிப்பு வந்துவிடுகிறது பாருங்கள், அந்தச் சலிப்பு இருக்கும்போதுதான் இணையத்தில் அந்த ஸ்டிக்கர் என் கண்ணில் பட்டது.

சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது, இளஞ்சிவப்பு நிறம். ஒரு ஸ்டிக்கரில் பி12 இவ்வளவு, கூடவே ஃபோலிக் அமிலம், எட்டு மணி நேரம் ஒட்டி வைத்தால் போதும் என்று அட்டையில் அச்சடித்திருந்தார்கள். ஐந்து மாதம் ஒட்டினேன். ஊசியை நிறுத்தியதை மருத்துவரிடம் சொல்லவில்லை, அது முழுக்க என் தப்பு. மூன்றாவது மாதமே உள்ளங்காலில் பழைய குறுகுறுப்பு லேசாக எட்டிப் பார்த்தது, வயதாகிறது என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது மாதம் ரத்தம் சோதித்தபோது அளவு பாதாளத்தில். மருத்துவரிடம் ஸ்டிக்கரைக் காட்டினேன். திட்டவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, இதில் ஊசி எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பசை. வெறும் வழவழப்பான பசை, அதில் என் கையிலிருந்து பிய்ந்து வந்த இரண்டு முடி. எட்டு மணி நேரம் ஒட்டி எடுத்த பிறகும் அதன் இளஞ்சிவப்பு அப்படியே இருந்தது. உள்ளே போயிருந்தால் நிறம் கொஞ்சமாவது வெளுத்திருக்க வேண்டாமா என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அந்த நிறம் பி12இனுடையதா வெறும் சாயமா என்பது விற்றவருக்கே வெளிச்சம்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

தோலின் வேலையே வெளியில் இருப்பதை வெளியிலேயே நிறுத்துவதுதான். மேலே இருக்கும் இறந்த செல்களின் அடுக்கு 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமன்தான், ஒரு தலைமுடியைவிட மெல்லியது. ஆனால் கட்டுமானம் அப்படி: தட்டையான செல்கள் செங்கல் மாதிரி அடுக்கி, இடையில் கொழுப்பைச் சாந்து மாதிரி பூசியிருக்கிறது. பெரிய மூலக்கூறு இதைத் தாண்டாது. மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) மேல் போனால் தோல் வழியாக நுழைவது மிகக் கடினம் என்பது இந்தத் துறையில் பொதுவாக ஒப்புக்கொண்ட கணக்கு. பி12இன் எடை 1355. அதாவது வாசல் அளவுக்கு இரண்டரை மடங்குக்கும் மேல் பருமனான ஆள். சி வைட்டமின் சின்னதுதான், 176, ஆனால் அது தண்ணீரோடு ஒட்டுகிற ஜாதி, கொழுப்புச் சாந்துக்குள் போக மறுக்கும். டி வைட்டமின் 385, கொழுப்போடு நன்றாகவே சேரும், அளவுக்கு மீறிச் சேர்ந்து மேலடுக்கிலேயே தங்கிவிடும். (டி வைட்டமினைத் தோலே வெயிலில் செய்துகொள்கிறது. அதைச் செய்யத் தெரிந்த தோலுக்கே வெளியிலிருந்து அதைத் திணிக்கப் பார்க்கிறோம், வேடிக்கைதான்.)

அப்படியானால் நிகோடின் பேட்ச் மட்டும் எப்படி வேலை செய்கிறது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஸ்டிக்கர் விற்றவரும் அதைத்தான் சான்றாகச் சொல்லியிருந்தார். நிகோடினின் எடை 162, தண்ணீரிலும் கரையும், கொழுப்பிலும் கரையும், தோலுக்கென்றே செய்து வைத்த மூலக்கூறு மாதிரி. அமெரிக்காவில் 1979இல் முதன்முதலாக அனுமதி வாங்கிய தோல் பேட்ச், பயண வாந்தியைத் தடுக்கும் ஸ்கோபோலமைன், அதன் எடையும் 303தான். அதன் பிறகு இத்தனை வருடத்தில் தோல் வழியே போகும் மருந்து என்று அனுமதி பெற்றவை விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும். தோல் அவ்வளவு லேசில் விடாது. ஒன்றை விட்டதால் எல்லாவற்றையும் விடும் என்று சொல்வது, வாசலில் பூனை நுழைந்தது, ஆகவே யானையும் நுழையும் என்பது போலத்தான்.

நுண்ணூசி பேட்ச்சின் யோசனையே இங்கேதான் வருகிறது: தடுப்புச் சுவரோடு மல்லுக்கட்டாமல் அதில் பொடிப்பொடியாக ஓட்டை போட்டுவிடுவது. 1970களிலேயே காப்புரிமை எடுத்துவிட்டார்கள், ஆனால் அவ்வளவு சின்ன ஊசியைச் செய்யும் கருவி அப்போது இல்லை. கம்ப்யூட்டர் சில்லு செய்யும் நுட்பம் முதிர்ந்த பிறகு 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் சிலிக்கானில் ஊசி செய்து, தோல் வழியே மருந்து போவதைக் காட்டினார்கள். சிலிக்கான் உடைந்து உள்ளே தங்கினால் வம்பு. அதனால் அடுத்த யோசனை, ஊசியையே உடம்பு ஈரத்தில் கரையும் பொருளால் செய்துவிட்டால் என்ன என்பது. சர்க்கரை வகைகள், ஹயலூரோனிக் அமிலம், பிவிபி, பிவிஏ என்று தண்ணீரில் கரையும் பாலிமர்கள் (சங்கிலி மாதிரி நீண்ட மூலக்கூறுகள்), இவற்றோடு மருந்தைக் கலந்து ஊசியாக வார்ப்பது. மருந்து ஊசிக்குள் இல்லை, ஊசியே மருந்து.

செய்கிற விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. சிலிகோன் ரப்பரில் கூம்பு கூம்பாகப் பள்ளம் உள்ள அச்சு. அதில் பாகு மாதிரிக் கெட்டியான கரைசலை ஊற்றி, சுழல் எந்திரத்தில் சுற்றியோ காற்றை உறிஞ்சியோ பள்ளத்தின் அடிநுனிவரை இறக்க வேண்டும். நுனியில் ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் அந்த ஊசிக்கு முனை இருக்காது, முனை இல்லாத ஊசி தோலில் ஏறாது. பிறகு காயவைத்து உரித்தால் கையளவு அச்சிலிருந்து நகத்தளவுப் பட்டைகள் வரும், அதில் நூற்றுக்கணக்கில் ஊசிகள். இன்னொரு தலைவலியும் உண்டு. காயும்போது மருந்து நுனியில் நில்லாமல் அடித்தகட்டுக்குப் பரவிவிடும். அடித்தகடு தோலுக்கு வெளியே நிற்கும் பகுதி, அதில் போன மருந்து வீண். அதனால் முதலில் மருந்துப் பாகை நுனிகளில் நிரப்பிக் காயவிட்டு, அப்புறம் மருந்தில்லாத பாகை ஊற்றி அடித்தகடு செய்கிறார்கள், இரண்டு தவணை வார்ப்பு.

ஊசியின் உயரம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குள். கட்டைவிரலால் அழுத்தினால் தோல் கொஞ்சம் குழியும், அதனால் முழு உயரமும் உள்ளே போகாது, போன வரைக்கும் போதும். இறந்த அடுக்கைத் தாண்டி ஈரமுள்ள இடத்தை எட்டியதும் ஊசி ஊறிக் கரையத் தொடங்கும், பொருளைப் பொறுத்துச் சில நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். அங்கிருந்து நுண்ணிய ரத்த நாளங்கள் மருந்தை எடுத்துக்கொள்ளும். வலி நரம்புகளைப் பெரிதாகச் சீண்டாத உயரம் என்பதால் வழக்கமான ஊசியைவிட வலி மிகக் குறைவு. எடுத்துப் பார்த்தால் பட்டையில் ஊசிகள் மழுங்கி இருக்கும் அல்லது இருந்த இடமே தெரியாது. குத்திய ஊசியைப் பத்திரமாகக் குப்பையில் போடுகிற பிரச்சினையே இல்லை.

இவ்வளவு நல்ல விஷயம் என்றால் எல்லா வைட்டமினையும் இதில் போட்டுவிடலாமே? உங்கள் கட்டுரை இந்தக் கேள்வியிடம் வந்து ஆம் என்கிற மாதிரி முடிந்துவிட்டது. நான் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், யார் வேண்டுமானாலும் போடலாம். ஒரு சதுர சென்டிமீட்டரில் 100 ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் அடிப்பக்கம் 0.3 மில்லிமீட்டர் சதுரம், உயரம் 0.6 மில்லிமீட்டர் உள்ள பிரமிடு. ஒரு ஊசியின் கன அளவு 0.018 கன மில்லிமீட்டர். நூறும் சேர்ந்து 1.8. எடையில் சொன்னால் 2 முதல் 3 மில்லிகிராம், அதுவும் எல்லா ஊசியும் ஒட்டுமொத்தமாக. பாலிமரே இல்லாமல் முழுக்க முழுக்க வைட்டமினால் ஊசி செய்தாலும் அவ்வளவுதான் பிடிக்கும்.

இப்போது சி வைட்டமினை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 90 மில்லிகிராம் வரை பரிந்துரைக்கிறார்கள். குறைந்தது முப்பது பட்டை ஒட்ட வேண்டும், தினமும். உடம்பில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெக்னீசியம் 300, 400 மில்லிகிராம், அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அதே பட்டையில் பி12ஐப் போடுங்கள். ஒரு நாளைக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம். மில்லிகிராம் அல்ல, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோகிராம். ஊசிகளின் எடையில் எண்ணூறில் ஒரு பங்குகூட ஆகாது. டி வைட்டமின் 15 மைக்ரோகிராம், ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம், இவையும் அளவைப் பொறுத்தமட்டில் அடங்கும். டி எண்ணெய் ஜாதி, தண்ணீர்ப் பாகில் கலக்க வேறு வித்தை செய்ய வேண்டும் என்பது தனிக்கதை. ஆகவே, தினமும் மைக்ரோகிராமில் தேவைப்படும் வைட்டமினுக்கு இந்த வழி உண்டு, பத்துக்கணக்கான மில்லிகிராம் தேவைப்படுவதற்கு இல்லை. பதினைந்து வைட்டமினும் தாதுவும் ஒரே பட்டையில் என்று எவராவது விற்றால், அந்தத் தாளில் போட்ட கணக்கை எடுத்து நீட்டுங்கள்.

எனக்கு மாதம் 1000 மைக்ரோகிராம் போடுகிறார்களே, அது ஒரு மில்லிகிராம், ஊசிகளின் எடையில் பாதிவரை வந்துவிடுமே என்றும் யோசித்தேன். ஆனால் அப்படி மொத்தமாகப் போடுவதில் பெரும்பகுதி சில நாளில் சிறுநீரோடு போய்விடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக, வாரத்துக்கு ஒன்று என்று கொடுத்தால் அவ்வளவு தேவைப்படாது. ஆகவே கணக்கு இடிக்கவில்லை.

வெறும் கணக்கோடும் நின்றுவிடவில்லை. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் கே வைட்டமினுக்கும் 2019இல் பி12க்கும் இப்படிப்பட்ட பட்டைகள் செய்து ஆய்வு வெளியிட்டார்கள். பி12 பட்டையை எலிகளிடம் சோதித்தார்கள், ரத்தத்தில் அளவு ஏறியது. எலிகளிடம் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கட்டுரையில் அந்தச் சொல்லையே காணோம். மனிதர்களிடம் அதிகம் முன்னேறியிருப்பது தடுப்பூசிதான். அமெரிக்காவில் 100 பேரிடம் ஃப்ளூ தடுப்பு மருந்தை இப்படிக் கொடுத்துப் பார்த்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள், அதில் சிலர் தாங்களே ஒட்டிக்கொண்டார்கள், அவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி வந்தது. காம்பியாவில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பு மருந்தைக் கைக்குழந்தைகளுக்கே ஒட்டிப் பார்த்த ஆய்வு 2024இல் வந்தது. தடுப்பூசிக்கு ஒரு சௌகரியம், ஒருமுறை இத்துனூண்டு போனால் போதும், மிச்ச வேலையை உடம்பு பார்த்துக்கொள்ளும். வைட்டமினுக்கு அப்படி இல்லை, தீரத் தீரக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஊசியில்லாத ஸ்டிக்கருக்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. எடை குறைக்க இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களில் மாத்திரை எடுத்தவர்களையும் பல வைட்டமின் ஸ்டிக்கர் ஒட்டியவர்களையும் ஒப்பிட்டார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் ஸ்டிக்கர் ஒட்டியவர்களிடம் குறைபாடு, முக்கியமாக டி வைட்டமின் குறைபாடு, அதிகமாகத் தெரிந்தது. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

சரி, நிஜமான நுண்ணூசி பேட்ச் வந்துவிட்டால் யாருக்குப் பயன்? எனக்குத் தெரிந்து முதலில் பிறந்த குழந்தைக்கு. ரத்தம் உறைவதற்கு வேண்டிய கே வைட்டமின் பச்சைக்குழந்தையிடம் மிகக் குறைவு, அதனால்தான் பிறந்தவுடன் தொடையில் ஒரு ஊசி போடுகிறார்கள். அதை ஒரு பட்டையாக மாற்ற முடிந்தால், பயிற்சி பெற்ற நர்ஸ் இல்லாத இடத்திலும் கொடுக்கலாம். அடுத்து என் மாதிரி குடல் வழியாக வைட்டமின் சரியாகச் சேராதவர்கள். அதிலும்கூட மாத்திரையை அடியோடு ஒதுக்கிவிட முடியாது. பி12ஐ 1000 மைக்ரோகிராம் மாத்திரையாக விழுங்கினால் அந்தப் புரதத்தின் துணை இல்லாமலே நூற்றில் ஒரு பங்கு அளவு தானாக ஊடுருவும், அது 10 மைக்ரோகிராம், நாள் தேவையைவிட அதிகம். நிறையப் பேருக்கு அதுவே போதுமாம். எனக்கு நரம்பு பாதிக்கப்பட்டிருந்ததால் ஊசிதான் என்று மருத்துவர் பிடிவாதமாகச் சொன்னார். ஒரு குறையும் இல்லாதவர்கள் இந்தப் பட்டையை ஏன் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்கு மட்டும் எனக்கு எவ்வளவு யோசித்தும் பதில் கிடைக்கவில்லை.

சின்னச் சின்னச் சிக்கல்களும் உண்டு, அவை கட்டுரையில் ஒரு வரியாவது வந்திருக்கலாம். தண்ணீரில் கரையும் ஊசி காற்றின் ஈரத்தையும் குடிக்கும், உறை சரியாக மூடாவிட்டால் தோலில் ஏறுவதற்கு முன்பே நமுத்து வளைந்துவிடும். கரைந்த பாலிமர் உடம்பில் எங்கே போகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஹயலூரோனிக் அமிலமும் சர்க்கரையும் உடம்பு சிதைத்துக்கொள்ளும். பிவிபி சிதையாது, சின்னச் சங்கிலியாக இருந்தால் சிறுநீரகம் வெளியேற்றிவிடும், நீளச் சங்கிலி தங்கிவிடும். வருடத்துக்கு ஒருமுறை தடுப்பு மருந்து என்றால் அது பெரிய விஷயமில்லை, வாரா வாரம் வருடக்கணக்கில் ஒட்டுகிற வைட்டமினுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அப்புறம், தோல் வழியே போவதால் மிகுதியானாலும் ஆபத்தில்லை என்று எங்கேயோ படித்தேன், அது சுத்தத் தவறு. ஏ, டி இரண்டும் உடம்பில் தேங்குகிறவை, எந்த வாசல் வழியாகப் போனாலும் அளவு மீறினால் நச்சுதான். என் ஸ்டிக்கரில் இருந்ததாகச் சொன்ன ஃபோலிக் அமிலமும் அப்படி ஒரு வில்லங்கம். அது மட்டும் போதுமான அளவு உடம்பில் சேர்ந்து பி12 சேராமல் இருந்தால், ரத்தசோகை சரியானது போலக் காட்டும், அடியில் நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும். நல்லவேளை, அந்த ஸ்டிக்கரிலிருந்து அதுவும் உள்ளே போயிருக்காது என்று நினைக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். அந்தப் படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள், படத்தில் இருப்பது கட்டுரையில் சொன்ன பொருள் அல்ல என்று ஒரே வரி. முடிந்தால் நிஜமான நுண்ணூசிப் பட்டையைப் பெரிதுபடுத்தி எடுத்த படம் ஒன்றையும் போடுங்கள், கூம்பு கூம்பாக வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தால் எவருக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். அடுத்த முறை இதைப் பற்றி எழுதுகிறவர், ஒரு பட்டையில் எத்தனை மைக்ரோகிராம், அதில் எவ்வளவு ரத்தத்தில் சேர்ந்தது, மனிதரிடமா எலியிடமா என்ற மூன்றையும் கேட்டுவிட்டு எழுதட்டும்.

என் உள்ளங்கால் இன்னும் முழுக்கத் திரும்பவில்லை. இடதுகால் சுண்டுவிரல் பக்கம் மட்டும் பஞ்சின் மேல் நிற்கிற மாதிரி இருக்கிறது, அது திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார் மருத்துவர். அடுத்த ஊசி வருகிற செவ்வாய்க்கிழமை, போகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்